மோக்கா பாட் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

அடுப்பில் வைக்கும் எஸ்பிரசோ பாத்திரத்தில், அதாவது மோக்கா பாட்டில், கெட்டுப்போவதற்கு அதிகம் எதுவும் இல்லை. மூன்று உலோகப் பாகங்கள், ஒரு சல்லடைத் தட்டு, ஒரு கேஸ்கட், ஒரு வால்வு. அவ்வளவுதான். ஆனாலும் ஒரு நாள் அருமையாக வந்த காபி மறுநாள் கரியாகக் கசக்கும். அதற்கடுத்த நாள் மேலே ஏறவே ஏறாது. இந்த இடத்தில்தான் பலர் பாத்திரத்தைத் துடைத்து அலமாரியின் பின்வரிசையில் வைத்துவிடுகிறார்கள். நானும் ஒரு முறை அப்படி வைத்து, ஆறு மாதம் கழித்துத் திரும்ப எடுத்தவன்.

இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, கோளாறு எந்த வடிவத்தில் வந்தாலும் காரணம் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கிறது: அடுப்பின் சூடு, தூளின் பதம், மூடிய இடத்தின் இறுக்கம். எதைத் திருத்தினாலும் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூளையும் மாற்றி, தீயையும் குறைத்து, புது கேஸ்கட்டும் போட்டால் காபி நன்றாக வரலாம். ஆனால் எதனால் நன்றாக வந்தது என்பது தெரியாது. அடுத்த கோளாறில் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

முதலில், உள்ளே நடப்பது என்ன

கீழ்ப்பாத்திரத்தில் தண்ணீர். அதன் பக்கவாட்டில், அழுத்தம் மிஞ்சினால் ஆவியை வெளியே விடும் வால்வு. தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஒரு புனல். புனலின் அகன்ற மேல்பகுதிதான் தூள் போடும் கூடை. மேல்பாத்திரத்தின் அடியில் சல்லடைத் தட்டு, அதைச் சுற்றிக் கேஸ்கட். மேல்பாத்திரத்தின் நடுவே காபி ஏறிவரும் குழல்.

திருகி மூடியதும், தண்ணீருக்கு மேலே கொஞ்சம் காற்று அடைபட்டுவிடுகிறது. சூடேறும்போது அந்தக் காற்று விரிகிறது, நீராவியும் கூடச் சேர்கிறது. இரண்டும் சேர்ந்து தண்ணீரை அழுத்த, தண்ணீருக்கு இருக்கும் ஒரே வழி புனலின் கீழ்வாய். அதனால் தண்ணீர் கொதிநிலையைத் தொடும் முன்பே புனல் வழியாகத் தூளுக்குள் ஏறத் தொடங்கிவிடுகிறது. ஏற ஏறச் சூடும் கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் தண்ணீர் மட்டம் புனலின் வாய்க்குக் கீழே இறங்கியதும், தண்ணீருக்குப் பதில் நீராவியே தூளைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். முடிவில் கேட்கும் அந்தக் களகளச் சத்தம் இதுதான்.

இந்தப் படம் மனதில் இருந்தால் கீழே வரும் அறிகுறிகளில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

வால்வு வழியாக ஆவி பீறிடுகிறது

ஆபத்தானது இது ஒன்றுதான் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். உடனே அடுப்பை அணையுங்கள். பாத்திரத்தைத் திறக்க முயலாதீர்கள். தானாக ஆறும்வரை விலகி நில்லுங்கள். முழுதும் ஆறிய பிறகுதான் திருகிக் கழற்ற வேண்டும்.

வால்வு தன் வேலையைச் செய்திருக்கிறது. மேலே போகும் வழி அடைபட்டதால் உள்ளே அழுத்தம் ஏறி, வால்வு திறந்திருக்கிறது. அடைப்பு எங்கே என்று பாருங்கள். முதல் சந்தேகம் தூள்: மிக நைஸாக அரைத்ததா, கூடையில் அழுத்தி அடைத்தீர்களா? எஸ்பிரசோ மெஷினில் தூளை அமுக்கிக் கெட்டிப்படுத்துவதைப் பார்த்துவிட்டு இங்கும் அதையே செய்வது வழக்கமான தவறு. அந்த மெஷின் ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளுகிறது. நம் பாத்திரத்தில் கிடைப்பது 1 முதல் 2 பார் அளவுதான். கெட்டியான தூளைத் துளைக்க அது போதாது. கூடையை நிரப்பி, பக்கவாட்டில் லேசாகத் தட்டி, விரலால் மட்டம் செய்தால் போதும்.

தூளில் தவறில்லை என்றால் சல்லடைத் தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல துளைகள் பழைய காபிப் பிசுக்கால் அடைந்திருக்கும். வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். புனலின் குழாயையும் ஒரு முறை ஊதிப் பாருங்கள்.

வால்வைப் பற்றி இரண்டு விஷயம். தண்ணீர் எப்போதும் வால்வுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். வால்வு மூழ்கியிருந்தால், அது திறக்கும் நேரத்தில் ஆவியோடு கொதிக்கும் தண்ணீரும் பீய்ச்சும். அடுத்தது, அடுப்பில் வைக்கும்போதே வால்வு உங்களையோ பக்கத்தில் நிற்பவரையோ பார்க்காதபடி திருப்பி வையுங்கள். நடுவில் சின்ன ஊசி உள்ள வால்வு என்றால், கழுவும்போது அதை அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். உப்புப் படிந்து இறுகியிருந்தால் வால்வை மாற்றுங்கள், அல்லது பாத்திரத்தையே மாற்றுங்கள். கசிகிறது என்று வால்வைப் பசை போட்டு அடைப்பதை மட்டும் யாரும் செய்யக் கூடாது.

சாதாரணத் தூள், சாதாரணத் தீ, வழியில் அடைப்பே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் வால்வில் லேசாக ஆவி கசிகிறது என்றால் வால்வே தேய்ந்திருக்கிறது. அதற்கும் மாற்றுவதுதான் வழி.

தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கிறது, காபி ஏறவில்லை

இதற்கு இரண்டு நேரெதிர்க் காரணங்கள் உண்டு. ஒன்று, மேலே போகும் வழி அடைபட்டிருக்கிறது. மற்றொன்று, அழுத்தம் வேறெங்கோ ஓடிப்போகிறது. எது என்று தெரிந்துகொள்ளத் திருகும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். அங்கே ஈரமோ குமிழியோ ஆவியோ தெரிந்தால் கசிவு. அடுத்த பகுதிக்குப் போங்கள். சுற்றிலும் காய்ந்திருந்தால் அடைப்பு. அடுப்பை அணைத்து ஆறவிட்டு, மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள்.

தூளின் பதம் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் பலமுறை வரும். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் தூள் உப்பு மாதிரி நறநறவென்று இருக்க வேண்டும். மாவு போல வழுக்கினால் மிக நைஸ். ரவை மாதிரி மணிமணியாகத் தெரிந்தால் கரகரப்பு அதிகம். எஸ்பிரசோ மெஷினுக்கு அரைப்பதைவிட ஒரு படி பெரிது, தாள் வைத்து வடிக்கும் காபிக்கு அரைப்பதைவிட ஒரு படி சிறிது.

வேறொரு சின்னக் காரணமும் உண்டு: தண்ணீர் மிகக் குறைவாக இருப்பது. மட்டம் ஆரம்பத்திலேயே புனலின் வாய்க்கு அருகில் இருந்தால், இரண்டு சொட்டு ஏறியதும் ஆவி வரத் தொடங்கிவிடும்.

திருகும் இடத்தில் கசிகிறது

செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம். கூடையின் விளிம்பில் நாலு துகள் காபி ஒட்டியிருந்தாலே கேஸ்கட் சரியாகப் பதியாது. மூடுவதற்கு முன் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் துடைக்கும் பழக்கம் வந்தால் பாதிக் கசிவு நின்றுவிடும். கூடை நிரம்பி வழிந்து கூம்பாக நின்றாலும் இதே கதைதான்.

அடுத்து இறுக்கம். கைப்பிடியைப் பிடித்துத் திருகினால் சரியான இறுக்கம் வராது, கைப்பிடியும் சீக்கிரம் ஆட்டம் காணும். ஒரு கையால் அடிப்பாகத்தையும் மறு கையால் மேல்பாத்திரத்தின் உடலையும் பிடித்துத் திருகுங்கள். பழைய வடிவப் பாத்திரங்களின் எட்டுப் பட்டைகள் இதற்கு நல்ல பிடிமானம் தரும்.

இவ்வளவும் செய்த பிறகும் கசிந்தால் கேஸ்கட்தான். பிரஷர் குக்கரின் கேஸ்கட் போலவே இதுவும் தேய்கிற பொருள். நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி மீண்டால் உயிர் இருக்கிறது. கல் மாதிரி இருந்தால், வெடிப்பு தெரிந்தால், கூடையின் விளிம்பு பதிந்து ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டிய நேரம். தினமும் போடுகிறவர் வீட்டில் ரப்பர் கேஸ்கட் ஓராண்டு உழைத்தாலே நல்ல உழைப்பு. சிலிக்கான் வளையம் சூட்டில் இறுகாமல் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்.

மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஸ்பூன் காம்பின் நுனியால் வளையத்தை ஓரத்தில் நெம்பினால் வந்துவிடும், சல்லடைத் தட்டும் கூடவே விழும். அந்தத் தட்டின் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். மாதக் கணக்கில் சேர்ந்த கறுப்புப் பிசுக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். புது வளையம் வாங்கும் முன் பழையதின் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். ‘3 கப்’ என்று கேட்டு வாங்குவது போதாது. ஒரே கப் எண்ணிக்கையில் அலுமினியப் பாத்திரத்துக்கும் எவர்சில்வர் பாத்திரத்துக்கும் வளையத்தின் அளவு வேறுபடும். இதைத் தெரியாமல் நான் வாங்கிய முதல் கேஸ்கட் 4 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தது. அமுக்கித் திணித்துப் பார்த்தேன். அன்று கசிந்தது முன்பைவிட அதிகம்.

கேஸ்கட் புதிது, விளிம்பு சுத்தம், இறுக்கம் சரி, இருந்தும் கசிகிறது என்றால் கூடையின் விளிம்பு நெளிந்திருக்கலாம். பலர் பழைய தூளைக் கொட்டுவதற்குக் கூடையைக் குப்பைத் தொட்டியின் ஓரத்தில் ஓங்கித் தட்டுவார்கள். மெல்லிய அலுமினியம் அதைத் தாங்காது. கூடையைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள், ஆடினால் நெளிந்திருக்கிறது. கழுத்தில் மரை தேய்ந்துபோன பாத்திரத்துக்கு மட்டும் வைத்தியம் இல்லை.

கசக்கிறது, கருகின வாடை அடிக்கிறது

மோக்கா பாட் காபி என்றாலே கசப்பு என்று நம்புகிறவர்கள் நிறைய. அவர்கள் குடித்த காபி அப்படி இருந்திருக்கும், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கசப்பில் பெரும்பகுதி கடைசி அரை நிமிடத்தில் வருவது.

உள்ளே நடப்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் ஏறும் தண்ணீர் மிதமான சூட்டில், தூளின் இனிப்பையும் மணத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறது. அந்தக் காபி கறுத்து, தேன் மாதிரி மெதுவாக வழியும். நேரம் ஆக ஆக நிறம் வெளிறி, கடைசியில் வெளிர் மஞ்சளாக நுரைக்கும். அதற்குள் தூளில் நல்லதெல்லாம் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பதைக் கொதிக்கும் ஆவி உரித்தெடுத்துக்கொண்டு வருகிறது. அதுவும் சேர்ந்துதான் கோப்பைக்கு வருகிறது.

அதனால் மருந்து எளிது: மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள். நிறம் வெளிறத் தொடங்கியதும், களகளவென்று சத்தம் எழும் முன்பே, அடுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் உள்ளிருக்கும் சூட்டால் கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்த, குழாய்த் தண்ணீரில் அடிப்பாகத்தை மட்டும் சில விநாடி காட்டலாம், அல்லது ஈரத்துணி மேல் வைக்கலாம். மேலே இருப்பதை உடனே கோப்பைகளில் ஊற்றிவிடுங்கள். சூடான உலோகத்திலேயே விட்டுவைத்தால் அங்கேயும் கருகும். ஊற்றும் முன் ஒரு ஸ்பூனால் கலக்குங்கள். முதலில் வந்தது அடர்த்தி, பின்னால் வந்தது நீர்த்தது. கலக்காவிட்டால் ஒரு கோப்பைக்கு ஒரு ருசி.

இரண்டாவது காரணம் தீ. பெருந்தீயில் வைத்தால் ஒரே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், ஆனால் தூள் தீய்ந்துபோகும். தீயின் நாக்கு பாத்திரத்தின் அடியைவிட்டு வெளியே தெரியக் கூடாது. காபி ஏறத் தொடங்கியதும் சிம்மில் வைத்துவிடுங்கள். மின் அடுப்பு அணைத்த பிறகும் நெடுநேரம் சூடாக இருக்கும், ஆகவே அதில் ஏறத் தொடங்கிய சற்று நேரத்திலேயே அணைத்துவிட்டு மிச்சச் சூட்டில் முடிக்கலாம்.

கீழே ஊற்றுவது பச்சைத் தண்ணீரா, வெந்நீரா? இதில் ஆளுக்கொரு பேச்சு. வெந்நீர் ஊற்றினால் தூள் அடுப்பில் வேகும் நேரம் குறையும், அதனால் கசப்பு வராது என்பார்கள். அதில் உண்மை உண்டு. கூடவே இன்னொன்றும் நடக்கிறது: ஏற்கெனவே சூடான காற்றை அடைத்து மூடினால், அது மேற்கொண்டு விரிந்து தள்ளுவதற்கு அதிகம் மிச்சமில்லை. ஆகவே தண்ணீர் இன்னும் சூடேறிய பிறகுதான் மேலே போகும். அதாவது வெந்நீரில் தொடங்கினால் தூளைத் தொடும் தண்ணீரின் சூடு கூடுகிறது. கறுக்க வறுத்த கொட்டை சுலபமாகக் கசந்துவிடும், அதற்கு இது நல்லதல்ல. லேசாக வறுத்த கொட்டைக்கு இதுவே வரம். நான் கறுத்த வறுவலுக்குச் சாதாரணத் தண்ணீரும் சிறு தீயும், வெளிர் வறுவலுக்கு வெந்நீரும் பயன்படுத்துகிறேன். வெந்நீர் ஊற்றும்போது அடிப்பாகம் சுடும், துணியால் பிடித்துத் திருகுங்கள்.

இதெல்லாம் செய்தும் கசந்தால் தூளை ஒரு படி கரகரப்பாக்குங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால், நீங்கள் வாங்கும் கொட்டை உங்கள் நாக்குக்கு மிஞ்சிய வறுவல். வேறு வறுவல் வாங்கிப் பாருங்கள்.

புளிக்கிறது, தண்ணியாக இருக்கிறது

கசப்புக்கு நேர் எதிர். தண்ணீர் தூளிடமிருந்து போதுமானதை எடுக்காமல் ஓடிவிட்டது. தூள் ரவை மாதிரி பெரிதாக இருந்தால் ஒரு படி நைஸாக்குங்கள். கூடை முழுதும் நிரம்பியிருந்ததா என்று பாருங்கள். பாதிக் கூடையில் தண்ணீர் தனக்குச் சுலபமான வழியைத் தேடிக்கொண்டு ஒரு பக்கமாகவே ஏறும். லேசான வறுவல் என்றால் வெந்நீரில் தொடங்குங்கள். கொட்டை பழையதாகி மணம் போயிருந்தாலும் காபி சப்பென்று இருக்கும், அதற்குப் பாத்திரத்தில் மருந்து இல்லை.

பீய்ச்சி அடிக்கிறது, அடுப்பெல்லாம் காபி

தீ அதிகம். முக்கால்வாசி நேரம் இது மட்டும்தான். தீயைக் குறைத்தும் தொடக்கத்திலிருந்தே துப்பித் துப்பி வந்தால், தூள் சமமாகப் பரவாமல் ஒரு பக்கம் பள்ளமாக இருந்திருக்கும். தண்ணீர் அந்தப் பள்ளம் வழியே துளை போட்டுக்கொண்டு வருகிறது. ஆறிய பிறகு கூடையைத் திறந்து பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் வெளுத்து, துளை விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கோப்பையின் அடியில் மண்டி

கொஞ்சம் மண்டி இருப்பது இந்தக் காபியின் இயல்பு. உலோகச் சல்லடை தாள் மாதிரி வடிகட்டாது. வாயில் நெறுநெறுக்கும் அளவுக்கு வந்தால் தூள் மிக நைஸ், அல்லது சல்லடைத் தட்டு நெளிந்திருக்கிறது, அல்லது கேஸ்கட் தளர்ந்து துகள்கள் ஓரமாக நழுவி ஏறுகின்றன. கத்தியால் அரைக்கும் சாதாரண மிக்ஸி வகை அரைப்பானில் மாவும் மணியும் கலந்தே வரும், மண்டியும் வரும். முடிந்தால் பல்சக்கர அரைப்பான் வாங்குங்கள். இந்தப் பாத்திரத்துக்காகச் செலவு செய்வதில் மிக உருப்படியான செலவு அது.

வடிதாளைத் தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டி, நனைத்து, சல்லடைத் தட்டின் அடியில் ஒட்டவைக்கும் உத்தியும் நன்றாக வேலை செய்கிறது. காபி தெளிவாக வரும். நைஸான தூளோடு மட்டும் இதைச் செய்யாதீர்கள், வழி அடைபடும்.

மேலே நுரை நிற்கவில்லை

இது கோளாறே இல்லை. எஸ்பிரசோவின் மேல் நிற்கும் அந்தப் பொன்னிற நுரை, அதிக அழுத்தத்தில் கொட்டையின் வாயுவும் எண்ணெயும் சேர்ந்து உண்டாவது. நம் பாத்திரத்தில் அந்த அழுத்தம் கிடையாது.

இதன் பின்னணி எனக்குப் பிடித்த செய்தி. மோக்கா பாட் 1933இல் வட இத்தாலியில் அல்ஃபோன்சோ பியாலெட்டியின் அலுமினியப் பட்டறையிலிருந்து வந்தது. அந்தக் காலத்து எஸ்பிரசோ மெஷின்கள் ஆவியின் அழுத்தத்தால் ஓடியவை. அவற்றின் காபியிலும் இன்று நாம் எதிர்பார்க்கும் நுரை இல்லை. நெம்புகோலை இழுத்து அதிக அழுத்தம் தரும் மெஷினை அக்கில்லே காஜியா 1940களின் பிற்பகுதியில் கொண்டுவந்த பிறகுதான் நுரை எஸ்பிரசோவின் அடையாளமானது. ஆக, இந்தப் பாத்திரம் தன் காலத்து எஸ்பிரசோவை வீட்டுக்குக் கொண்டுவந்தது. பின்னால் மாறியது எஸ்பிரசோதான்.

குழலின் மேல் எடையுள்ள வால்வு வைத்து நுரையை வரவழைக்கும் வகைகளும் விற்பனையில் இருக்கின்றன. நுரை வரும். ஆனால் சீக்கிரம் அமர்ந்துவிடும், தீயையும் தூளையும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கும். முதல் பாத்திரமாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

உலோக ருசி, காறல் வாடை, உள்ளே கறுப்பு

புதுப் பாத்திரத்தில் உலோக ருசி இருக்கும். இரண்டு மூன்று முறை காபி போட்டுக் கீழே ஊற்றிவிட்டால் போய்விடும். அதற்கு மலிவான தூளே போதும்.

பழைய பாத்திரத்தில் காறல் வாடை என்றால் காபி எண்ணெய் தங்கிக் கெட்டிருக்கிறது. சோப்பே போடக் கூடாது, எண்ணெய்ப் படலம் சேரச் சேரத்தான் ருசி என்று ஒரு நம்பிக்கை உண்டு. நான் இதை ஏற்பதில்லை. பழைய எண்ணெய்க்குப் பழைய எண்ணெயின் ருசிதான் இருக்கும். தினமும் வெந்நீரில் கழுவி, விரலால் தேய்த்து, துடைத்துவிடுங்கள். பிசுக்கு தெரியும்போது ஒரு சொட்டு மென்மையான சோப்பு போட்டு நன்றாக அலசினால் எதுவும் கெட்டுப்போகாது. உரசும் நார் மட்டும் வேண்டாம். ஈரத்தோடு திருகி மூடி வைப்பதுதான் பெரிய தவறு: நாலு நாள் ஊருக்குப் போய் வந்தால் உள்ளே பூஞ்சணம் பூத்திருக்கும். பாகங்களைக் கழற்றியே காயவிடுங்கள், அடுத்த முறை போடும்போது மாட்டிக்கொள்ளலாம்.

அலுமினிய அடிப்பாகத்தின் உட்புறம் நாளடைவில் சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறுவது இயல்பு. வெள்ளையாகக் கல் மாதிரி படிந்திருந்தால் தண்ணீரில் உள்ள உப்பு. அடிப்பாகத்தில் தண்ணீரோடு ஒரு ஸ்பூன் சிட்ரிக் அமிலமோ கொஞ்சம் வினிகரோ கலந்து, தூள் போடாமல் ஒரு முறை ஓடவிட்டு, பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு முறை ஓடவிடுங்கள். அமிலத்தை இரவு முழுக்க ஊறவைக்காதீர்கள், அது அலுமினியத்தையே அரிக்கும்.

பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டு எடுத்தபின் வெளியே மங்கி, தொட்டால் கையில் கறுப்பு ஒட்டுகிறதா? மெஷினுக்கான காரமான சோப்பு அலுமினியத்தின் மேற்படலத்தைத் தின்றிருக்கிறது. பழைய பளபளப்பு திரும்ப வருவது கடினம். எவர்சில்வர் பாத்திரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

கொஞ்சமாகப் போட்டால் நன்றாக வருவதில்லை

கோளாறு பாத்திரத்தின் அளவில் இருக்கிறது. ‘6 கப்’ பாத்திரத்தில் பாதித் தூள் போட்டு ஒருவருக்குக் காபி போட முடியாது. கூடை நிரம்பினால்தான் தண்ணீருக்குத் தேவையான தடை கிடைக்கும். ஆகவே வாங்கும்போதே தினமும் எத்தனை பேர் என்று கணக்குப் பாருங்கள், விருந்தாளிகளை நினைத்து வாங்காதீர்கள்.

கப் என்ற கணக்கும் ஏமாற்றும். அது 50 மில்லி அளவுள்ள சிறு எஸ்பிரசோ கோப்பை. ‘3 கப்’ பாத்திரம் சுமார் 15 கிராம் தூளில் 150 மில்லிக்கும் சற்றுக் குறைவாகத் தரும்: பால் சேர்த்தால் இருவருக்கு, தனியாகக் குடித்தால் நன்றாகக் குடிக்கிற ஒருவருக்கு. ‘6 கப்’ அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. எதை வாங்குவது என்று தெரியாதவருக்கு ‘3 கப்’ என்பதே என் பதில். தூளைப் பாதியாகக் குறைக்கக் கூடைக்குள் வைக்கும் தட்டு சில பாத்திரங்களோடு வருகிறது. அது இருந்தால் பாதியளவும் ஓரளவு சரியாக வரும்.

அடுப்பு ஒத்துழைக்கவில்லை

இண்டக்‌ஷன் அடுப்பு பாத்திரத்தைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் அடியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாவிட்டால் வேலை செய்யாது. அலுமினியம் ஒட்டாது, எவர்சில்வரிலும் எல்லா வகையும் ஒட்டாது. காந்தம் ஒட்டியும் அடுப்பு உணரவில்லை என்றால் பாத்திரத்தின் அடி மிகச் சிறியது. இரண்டுக்கும் இண்டக்‌ஷன் தட்டு ஒன்றை இடையில் வைத்துச் சமாளிக்கலாம், சூடேற நேரம் கூடும். புதிதாக வாங்குகிறவர் என்றால் இண்டக்‌ஷனுக்கென்று அடி அமைத்த பாத்திரத்தையே வாங்கிவிடுங்கள்.

கேஸ் அடுப்பின் கம்பிகளுக்கு நடுவே சின்னப் பாத்திரம் சாய்கிறதா? ஒரு சிறு இரும்பு வளையத் தட்டு போதும். கைப்பிடி இளகி வளைந்தால் தீ அடியைத் தாண்டி ஏறுகிறது. சிறிய பர்னருக்கு மாற்றி, பாத்திரத்தைச் சற்று ஓரமாக நகர்த்தி, கைப்பிடி தீக்கு வெளியே இருக்கும்படி வையுங்கள்.

அடியில் தண்ணீர் மிச்சம்

ஓரிரு ஸ்பூன் தண்ணீர் எப்போதும் மிஞ்சும். புனலின் வாய் அடியைத் தொடாமல் சற்று உயரத்தில் நிற்பதே காரணம். சீக்கிரம் அடுப்பிலிருந்து எடுத்தால் இன்னும் கொஞ்சம் கூட மிஞ்சும், அதுவும் சரிதான். கால்வாசிக்கு மேல் மிஞ்சினால் எங்கோ கசிகிறது, அல்லது வேறு பாத்திரத்தின் கூடை மாறி வந்துவிட்டது. வீட்டில் இரண்டு மோக்கா பாட் இருந்தால் இது நடக்கும்.

கழற்ற முடியவில்லை

முதலில் முழுதும் ஆறட்டும். அவசரத்தில் கைப்பிடியை நெம்புகோலாக்காதீர்கள், அது முறிந்துவிடும். இரண்டு கையிலும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, உடலைப் பிடித்துத் திருகுங்கள். அசையவில்லை என்றால் மரைக்குள் காபி காய்ந்து ஒட்டியிருக்கிறது. திருகும் இடம் மூழ்கும்படி வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் வைத்து மறுபடி முயலுங்கள். திறந்ததும் மரை இரண்டையும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, அடுத்த முறை கேஸ்கட் பதிந்து கை நிற்கும் இடத்தோடு திருகுவதை நிறுத்திக்கொள்ளுங்கள்.